குரலுக்குப் பெயர் இல்லை

2020 செப்டம்பரில் மூன்று வேளாண் சட்டங்கள் நாடாளுமன்றத்தில் நிறைவேறின. அவற்றை எதிர்த்து டெல்லி எல்லையில் விவசாயிகள் ஓராண்டுக்கு மேல் உட்கார்ந்திருந்தார்கள். கடைசியில் 2021 நவம்பர் 29 அன்று, விவாதமே இல்லாமல், ஒரே நாளில் இரு அவைகளும் அவற்றைத் திரும்பப் பெற்றன. இதெல்லாம் எல்லோருக்கும் நினைவிருக்கும். இப்போது ஒரு சின்னக் கேள்வி: உங்கள் தொகுதி எம்.பி. அந்தச் சட்டங்களுக்கு ஆதரவாக வாக்களித்தாரா, எதிராகவா?

பதில் தேடி மெனக்கெட வேண்டாம். கிடைக்காது. இரு அவைகளிலும் அவை குரல் வாக்கெடுப்பில் நிறைவேறியவை. அவையை நடத்துபவர் மசோதாவை வாக்கெடுப்புக்கு விடுகிறார். ஒரு தரப்பு 'ஆம்' என்கிறது, இன்னொரு தரப்பு 'இல்லை' என்கிறது. எந்தச் சத்தம் பெரியது என்பதை நாற்காலியில் இருப்பவரின் காது முடிவு செய்கிறது. எத்தனை பேர் 'ஆம்' என்றார்கள், அவர்கள் யார் யார் என்பதை யாரும் எழுதி வைப்பதில்லை.

2020 செப்டம்பர் 20, ஞாயிற்றுக்கிழமை. மாநிலங்களவையில் துணைத்தலைவர் ஹரிவன்ஷ் அவையை நடத்துகிறார். மசோதாக்களைத் தெரிவுக் குழுவுக்கு அனுப்ப வேண்டும் என்று திமுகவின் திருச்சி சிவா தீர்மானம் கொண்டுவருகிறார். அதன்மீது 'டிவிஷன்', அதாவது பெயர் பதிவாகும் வாக்கெடுப்பு வேண்டும் என்று எதிர்க்கட்சிகள் கேட்கின்றன. உறுப்பினர்கள் முதலில் இருக்கைக்குத் திரும்புங்கள் என்கிறது தலைமை. கூச்சல், கிழிந்த காகிதங்கள். அந்தக் களேபரத்திலேயே குரல் வாக்கெடுப்பு முடிந்துவிட்டது. டிவிஷன் கேட்டவர்கள் இருக்கையில் இருந்தார்களா இல்லையா என்ற சண்டை அதன்பிறகு பல நாள் நடந்தது. மறுநாள் 8 உறுப்பினர்கள் இடைநீக்கம் செய்யப்பட்டார்கள். ரகளை செய்ததாக நீக்கப்பட்ட அந்த 8 பேரின் பெயர்கள் அவைக்குறிப்பில் இருக்கின்றன. சட்டத்தை நிறைவேற்றிக் கொடுத்தவர்களின் பெயர்கள் இல்லை.

இது அன்று மட்டும் நேர்ந்த விபத்து அல்ல. அரசியலமைப்பின் 100ஆவது பிரிவு, அவையில் இருந்து வாக்களிப்பவர்களின் பெரும்பான்மையே முடிவு என்கிறது. பெயரைப் பதிவு செய் என்று சொல்லவில்லை. அரசியலமைப்புத் திருத்த மசோதாக்களுக்கு மட்டும் டிவிஷன் கட்டாயம். மற்றவற்றுக்கு, சபாநாயகரின் முடிவை ஒரே ஓர் உறுப்பினர் ஏற்க மறுத்தாலும் டிவிஷன் கேட்கலாம். மக்களவை விதிகளில் இதற்கும் ஒரு சந்து உண்டு. தேவையில்லாமல் கேட்கிறார்கள் என்று சபாநாயகர் கருதினால், உறுப்பினர்களை இருக்கையில் எழுந்து நிற்கச் சொல்லித் தலையை மட்டும் எண்ணிக்கொள்ளலாம். அப்படி எண்ணும்போது பெயர்கள் பதிவாகாது என்று விதியே சொல்கிறது. பிரிட்டனின் மக்கள் அவை 1836 முதல் யார் எந்தப் பக்கம் வாக்களித்தார் என்ற பட்டியலை வெளியிட்டு வருகிறது. அமெரிக்காவில் அவையில் இருப்பவர்களில் ஐந்தில் ஒரு பங்கினர் கேட்டால் பெயர்வாரிப் பதிவு நடந்தே ஆக வேண்டும். அது அரசியலமைப்பிலேயே இருக்கிறது. நம்மிடம் அது பெரும்பாலும் நாற்காலியின் விருப்பம்.

ஆகவே முதல் எச்சரிக்கை. தேர்தல் நேரத்தில் "இவர் அந்தச் சட்டத்துக்கு ஆதரவாக ஓட்டுப் போட்டவர்" என்று பெயரும் படமும் போட்டு ஒரு செய்தி உங்கள் போனுக்கு வந்தால், முதலில் அந்த மசோதாவுக்கு டிவிஷன் நடந்ததா என்று பாருங்கள். நடக்கவில்லை என்றால் அந்தச் செய்தி ஊகம். அவர் அவையில் அதை ஆதரித்துப் பேசியிருக்கலாம். அது பதிவில் இருக்கும். வாக்கு இருக்காது.

டிவிஷன் நடந்தால் என்ன கிடைக்கும்? மணி மூன்றரை நிமிடம் ஒலிக்கிறது. பிறகு வாயில்களை அடைக்கிறார்கள். உறுப்பினர் தன் இருக்கையில் உள்ள பொத்தானை அழுத்துகிறார்: ஆதரவு, எதிர்ப்பு, நடுநிலை. எந்திரம் வேலை செய்யாதவர்கள், தவறாக அழுத்தியவர்கள் எல்லாம் சீட்டில் எழுதிக் கொடுக்கிறார்கள். அதனால்தான் பலகையில் தெரியும் எண்ணை 'திருத்தத்துக்கு உட்பட்டது' என்று சொல்லி அறிவிப்பார்கள். 2024 டிசம்பர் 17 அன்று ஒரே நாடு ஒரே தேர்தல் மசோதாவை மக்களவையில் அறிமுகம் செய்தபோது பலகை காட்டியது 220க்கு 149. சீட்டுகளையும் எண்ணிய பிறகு ஆதரவு 260ஐத் தாண்டியது. எதிர்ப்பு 198 ஆனது. அன்று டிவியில் பார்த்த முதல் எண்ணை வைத்து மட்டும் வாதம் செய்தவர்கள் ஏமாந்திருப்பார்கள்.

இப்படிப் பதிவாகும் வாக்கும் அந்த உறுப்பினருடையதுதானா என்பது அடுத்த சிக்கல். 1985இல் வந்த 52ஆவது திருத்தம் கட்சித் தாவலைத் தடுக்க பத்தாவது அட்டவணையைச் சேர்த்தது. அதன்படி கட்சியின் உத்தரவை மீறி வாக்களித்தாலும், வாக்களிக்காமல் இருந்தாலும் பதவி போகும். கட்சி 15 நாளுக்குள் மன்னித்துவிட்டால்தான் தப்பிக்கலாம். பதவிக்காகக் கட்சி மாறுவதைத் தடுக்க வந்த சட்டம், உணவுக் கலப்படம் பற்றிய மசோதாவிலும் கொறடா சொல்வதற்கு மேல் விரலை நகர்த்த முடியாத நிலையை உண்டாக்கிவிட்டது. கொறடாவின் உத்தரவை நம்பிக்கை வாக்கெடுப்பு போன்ற சிலவற்றோடு நிறுத்திக்கொள்ளலாம் என்று 1990இல் தினேஷ் கோஸ்வாமி குழு சொன்னது. அந்தச் சட்டத்தைச் செல்லும் என்று 1992இல் தீர்ப்பளித்த உச்ச நீதிமன்றமும் ஏறக்குறைய அதையே சுட்டிக்காட்டியது. எந்தக் கட்சியும் அசையவில்லை. கொறடாவின் சாட்டை கையில் இருப்பது எல்லாத் தலைமைகளுக்கும் வசதி. இதில் மட்டும் ஆளுங்கட்சிக்கும் எதிர்க்கட்சிக்கும் கருத்து வேறுபாடே கிடையாது.

இதனால் ஓர் எம்.பி.யின் வாக்குப் பதிவேட்டைப் படிப்பது என்பது அவருடைய கட்சியின் பதிவேட்டைப் படிப்பதுதான். படித்தால் கிடைப்பது சுவாரசியமாகவே இருக்கிறது.

குடியுரிமைத் திருத்த மசோதா 2019 டிசம்பர் 11 அன்று மாநிலங்களவையில் 125க்கு 105 என்று நிறைவேறியது. வித்தியாசம் 20. அதிமுகவின் 11 உறுப்பினர்கள் ஆதரவாக வாக்களித்தார்கள். பாமகவின் அன்புமணியும் அதே பக்கம். 11 பேரும் எதிர்ப்பக்கம் போயிருந்தால் கணக்கு 114க்கு 116. கணக்கு காகிதத்தில்தான். அந்த 11 கிடைக்காது என்று முன்பே தெரிந்திருந்தால் ஆளுங்கட்சி வேறு இடத்தில் ஆள் தேடியிருக்கும். அதே அதிமுக 2021 மார்ச்சில் வெளியிட்ட தேர்தல் அறிக்கையில், அந்தச் சட்டத்தைக் கைவிடும்படி மத்திய அரசை வலியுறுத்துவோம் என்றது. ஒன்றரை ஆண்டுக்குள் நேர் எதிர் நிலை. சட்டத்தை உண்டாக்கியது முதல் நிலை. இரண்டாவது, கூட்டம் போட்டுப் பேசுவதற்கு உதவியது.

திமுகவும் இதற்கு விலக்கல்ல. 2012இல் சில்லறை வணிகத்தில் அந்நிய முதலீட்டை மன்மோகன் சிங் அரசு அனுமதித்தபோது, கூட்டணியில் இருந்துகொண்டே அதை எதிர்ப்பதாகச் சொன்னது திமுக. வாக்கெடுப்போடு கூடிய விவாதம் வேண்டும் என்று எதிர்க்கட்சிகள் நாள்கணக்கில் அவையை முடக்கின. வாக்கெடுப்பு இல்லாத விவாதம் போதும் என்று அரசு இழுத்தடித்தது. அந்த இழுபறியே பதிவாகும் வாக்கின் மதிப்பைச் சொல்லும். டிசம்பர் 5 அன்று மக்களவையில் எதிர்க்கட்சித் தீர்மானம் 218க்கு 253 என்று தோற்றது. கொள்கையை எதிர்க்கிறோம், ஆனால் ஆட்சி கவிழக் கூடாது என்ற விளக்கத்தோடு திமுக அரசின் பக்கம் வாக்களித்தது. முலாயம் சிங், மாயாவதி கட்சிகள் எதிர்த்துப் பேசிவிட்டு வெளியே போய்விட்டன.

வெளியே போவதுதான் கவனித்துப் படிக்க வேண்டிய இடம். நம் ஊரில் வெளிநடப்பு என்றால் கோபம், எதிர்ப்பு, மறுநாள் தலைப்புச் செய்தி. அவைக்குள்ளே அதன் கணக்கு வேறு. முத்தலாக் தடை மசோதாவை எடுத்துக்கொள்வோம். 2019 ஜூலை 25 அன்று மக்களவையில் அதிமுகவின் ஒரே உறுப்பினர் ஓ.பி. ரவீந்திரநாத் அதை ஆதரித்தார். ஐந்து நாள் கழித்து மாநிலங்களவையில் அதே கட்சி அதை எதிர்த்துப் பேசியது. பேசிவிட்டு வெளிநடப்புச் செய்தது. நிதிஷ் குமாரின் ஐக்கிய ஜனதா தளமும் வெளியேறியது. மசோதா 99க்கு 84 என்று நிறைவேறியது, வித்தியாசம் 15. அந்த அவையில் அதிமுகவுக்கு 11 பேர், ஐக்கிய ஜனதா தளத்துக்கு 6 பேர். எதிர்க்கிறோம் என்று சொன்ன இந்த இரண்டு கட்சிகளும் இருக்கையில் உட்கார்ந்து சிவப்புப் பொத்தானை அழுத்தியிருந்தால் மசோதா விழுந்திருக்கலாம்.

அரசியலமைப்புத் திருத்தத்தில் இந்தக் கணக்கு இன்னும் கூர்மையானது. அவையின் மொத்த எண்ணிக்கையில் பாதிக்கு மேல் ஆதரவு வேண்டும். அதோடு வந்து வாக்களிப்பவர்களில் மூன்றில் இரண்டு பங்கும் வேண்டும். மாநிலங்களவையில் 240 பேர் வாக்களிக்கிறார்கள் என்று வைத்துக்கொண்டால் 160 ஆதரவு தேவை. அதில் 30 பேர் கோபமாக எழுந்து போய்விட்டால் மிச்சம் 210. தேவை 140 ஆகிவிடும். அவர்கள் எதிர்த்து வாக்களித்திருந்தால் 160ஐத் திரட்டத் திணறியிருக்க வேண்டிய அரசுக்கு, வெளிநடப்பு 20 வாக்குகளைத் தள்ளுபடி செய்துகொடுக்கிறது.

உயர் சாதியினரில் பொருளாதாரத்தில் பின்தங்கியோருக்கு 10 சதவீத இடஒதுக்கீடு தரும் 103ஆவது திருத்தம் 2019 ஜனவரி 8 அன்று மக்களவையில் வாக்கெடுப்புக்கு வந்தது. அதிமுக சார்பில் தம்பிதுரை கடுமையாக எதிர்த்துப் பேசினார். பிறகு கட்சி வெளிநடப்பு. முடிவு 323க்கு 3. மாநிலங்களவையில் மறுநாள் 165க்கு 7. அந்தத் திருத்தம் எப்படியும் நிறைவேறியிருக்கும், பெரிய கட்சிகள் எல்லாம் ஆதரித்தன, அது உண்மை. ஆனால் இடஒதுக்கீட்டு அரசியலின் தாய்வீடு என்று சொல்லிக்கொள்ளும் மாநிலத்தின் மிகப் பெரிய நாடாளுமன்றக் கட்சி அன்று அந்த 3 பேர் பட்டியலில் இல்லை. எதிர்த்தோம் என்பதற்கு அவர்களிடம் பேச்சு இருக்கிறது, வாக்கு இல்லை.

வாக்கு இப்படி இருக்க, எம்.பி.யைப் பற்றி நம் கையில் கொடுக்கப்படுவது வேறு கணக்கு. வருகை இத்தனை சதவீதம், கேட்ட கேள்விகள் இத்தனை, பங்கேற்ற விவாதங்கள் இத்தனை. 2005 முதல் இயங்கும் பிஆர்எஸ் ஆய்வு அமைப்பு இந்த விவரங்களைத் தொகுத்து வெளியிடுகிறது. அது நல்ல வேலை. அவர்கள் இதை மதிப்பெண் என்று சொல்லவில்லை. துண்டறிக்கையில் அச்சிட்டு மதிப்பெண் ஆக்குவது வேட்பாளர்கள். வருகை என்பது அன்றைய ஒரு பதிவு மட்டும். காலையில் பதிவு செய்துவிட்டு மாலை வாக்கெடுப்புக்கு இல்லாமல் போனாலும் அன்று அவர் வந்தவர்தான். அமைச்சர்கள் வருகையைப் பதிவு செய்ய வேண்டியதே இல்லை. விவாதத்தில் பங்கேற்றார் என்பது எவ்வளவு நேரம் என்பதைச் சொல்லாது. அதே அமைப்பின் கணக்குப்படி 17ஆவது மக்களவையில் 35 சதவீத மசோதாக்கள் ஒரு மணி நேரத்துக்கும் குறைவான விவாதத்தில் நிறைவேறின. குழுக்களுக்கு அனுப்பப்பட்டவை 16 சதவீதம். 15ஆவது மக்களவையில் அது 71 சதவீதம்.

கொறடாவின் கைக்கு வெளியே ஓர் எம்.பி. தன் பெயரில் செய்யக்கூடியது தனிநபர் மசோதா. 1952 முதல் அப்படிச் சட்டமானவை 14. கடைசியாக ஒன்று சட்டமானது 1970இல். 2015 ஏப்ரலில் திருநர் உரிமைக்கான திருச்சி சிவாவின் மசோதா மாநிலங்களவையில் நிறைவேறியபோது, அந்த அவையின் ஒப்புதல் ஒரு தனிநபர் மசோதாவுக்குக் கிடைத்தது 45 ஆண்டுகளில் அதுவே முதல் முறை. மக்களவையில் அது நிறைவேறவில்லை.

பதிவான வாக்குகளைப் பார்க்க விரும்புகிறவர்கள் இரு அவைகளின் இணையதளத்திலும் அந்தந்த நாளின் விவாதத் தொகுப்பைத் திறக்கலாம். டிவிஷன் நடந்திருந்தால், மசோதாவை வாக்கெடுப்புக்கு விட்ட இடத்தில் ஆதரித்தவர், எதிர்த்தவர், நடுநிலை வகித்தவர் என்று பெயர்கள் வரிசையாக இருக்கும். வெளிநடப்புச் செய்தவர்களுக்கு அங்கே தனிப் பட்டியல் கிடையாது. உடம்பு சரியில்லாமல் வராதவரும், ஊரில் திருமணத்துக்குப் போனவரும், முழக்கமிட்டு வெளியேறியவரும் ஒரே மாதிரியாக அந்தப் பெயர்களில் இடம்பெறாதவர்கள்தான். அவர்களைக் கண்டுபிடிக்க ஒரே வழி, அவையின் முழு உறுப்பினர் பட்டியலைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு வாக்களித்தவர்களை ஒவ்வொருவராக அடித்துக்கொண்டே வருவது. முத்தலாக் மசோதாவுக்கு அப்படிச் செய்து பார்த்தால் 183 பெயர்கள் போக ஐம்பதுக்கும் மேற்பட்ட பெயர்கள் மிஞ்சும்.