புல்லுக்கு அடியில் ஒரு திருடன்!
அமெரிக்காவைப் பாடாய்ப் படுத்தும் ஜப்பான் வண்டு

அமெரிக்காவில் பல வீடுகளின் முன்னால் புல்தரை உண்டு. பச்சைக் கம்பளம் விரித்ததுபோல் அழகாக இருக்கும்.

கோடை முடியும் சமயம். புல் திட்டுத் திட்டாகப் பழுக்கிறது. தண்ணீர் போதவில்லை என்று நினைத்து வீட்டுக்காரர் மேலும் தண்ணீர் விடுகிறார். பலன் இல்லை. புல்லைப் பிடித்து இழுக்கிறார். பாயைச் சுருட்டுவதுபோல் புல் சுருண்டு வருகிறது! அடியில் வேரையே காணோம்.

மண்ணைக் கிளறினால் திருடன் அகப்படுகிறான். வெள்ளை உடல், பழுப்புத் தலை. வளைந்து கிடக்கும் புழு. அது ஜப்பான் வண்டின் புழு.

வந்தது எப்படி?

1916-ம் ஆண்டு நியூஜெர்ஸி மாநிலத்தில், ரிவர்டன் என்ற ஊருக்கு அருகே ஒரு நாற்றுப் பண்ணையில் இந்த வண்டு முதலில் அகப்பட்டது. பூச்செடிக் கிழங்குகளில் ஒட்டியிருந்த மண்ணோடு, புழுவாகக் கப்பலேறி வந்திருக்க வேண்டும் என்று கருதுகிறார்கள்.

ஜப்பானில் அதை அடக்க இயற்கை எதிரிகள் உண்டு. புதிய நாட்டில் அவை இல்லை. புல்தரைகளோ ஏராளம். கேட்க வேண்டுமா? வண்டு பெருகிவிட்டது.

புழு புல்லின் வேரைத் தின்னும். வளர்ந்த வண்டு ரோஜா, திராட்சை, மக்காச்சோளம் என்று 300-க்கும் மேற்பட்ட செடிகளைக் கடிக்கும். எனவே புல்தரையைக் கவனிக்காமல் விட்டால் தோட்டமும் வயலும் பாழாகும்.

ஈரம்தான் உயிர்

ஜூலை, ஆகஸ்ட் மாதங்களில் பெண் வண்டு புல்தரை மண்ணில் 40 முதல் 60 முட்டைகள் வரை இடும். ஈரம் இல்லாவிட்டால் முட்டை காய்ந்து போகும். வண்டு தேடி வருவதும் ஈர மண்ணைத்தான்.

ஆகவே வண்டு பறக்கும் நாட்களில் தண்ணீரைக் குறைப்பது நல்லது. புல் சற்று வாடும். ஆனால் வேர் பிழைத்திருந்தால் மழை பெய்ததும் தளிர்த்துவிடும். 2023-ல் சுவிட்சர்லாந்தில் ஜூரிக் நகருக்கு அருகே இந்த வண்டு தலைகாட்டியதும், புல்தரைக்குத் தண்ணீர் விட அரசாங்கமே தடை விதித்தது!

ஒரு சதுர அடி சோதனை

புல்லை ஒட்ட வெட்டக் கூடாது. உயரமாக விட்டால் வேர் ஆழமாக இறங்கும். சில புழுக்கள் தின்றாலும் தாங்கும்.

ஆகஸ்ட் கடைசியில் ஒரு சதுர அடிப் புல்லைப் பெயர்த்துப் புழுக்களை எண்ண வேண்டும். நாலைந்து இருந்தால் பயமில்லை. பத்துக்கு மேல் இருந்தால் உடனே மருந்திட வேண்டும். புழுவைக் கொல்லும் நூற்புழுக்களும் விற்பனைக்கு உண்டு. மாலை நேரத்தில் மண்ணை நனைத்து அவற்றை விடுகிறார்கள்.

புழு சிறிதாக இருக்கும்போதே ஒழிப்பது சுலபம். வளர்ந்து கொழுத்துவிட்டால் மருந்துக்கும் எளிதில் மசியாது. புல் பழுத்த பிறகு தேடுவதைவிட, பச்சையாக இருக்கும்போதே மண்ணைப் பார்ப்பதுதான் புத்திசாலித்தனம்.