சைனாடவுன் - இன்டர்நேஷனல் டிஸ்ட்ரிக்ட், சியாட்டில்

சைனாடவுன் - இன்டர்நேஷனல் டிஸ்ட்ரிக்ட் என்பது அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில், சியாட்டில் நகரில் அமைந்துள்ள பழமையான வணிக, குடியிருப்புப் பகுதியாகும். சைனாடவுன், ஜப்பான்டவுன், லிட்டில் சைகோன் ஆகிய மூன்றும் இதில் அடங்கும். பல இனத்தவர் அடுத்தடுத்து வந்து கடை வைத்து வாழ்ந்த இப்பகுதியின் வரலாறு, வெளியேற்றங்களின் வரலாறாகவும் உள்ளது.

தோற்றம்

சீனத் தொழிலாளர்கள் 1860களில் சியாட்டிலுக்கு வரத் தொடங்கினர். 1882இல் இயற்றப்பட்ட சீனர் விலக்குச் சட்டம் மேலும் தொழிலாளர்கள் வருவதைத் தடுத்தது. 1886 பிப்ரவரியில் ஒரு கும்பல் சீனர்களை வீடுகளிலிருந்து துறைமுகத்துக்கு விரட்டியது. அவர்களில் பெரும்பாலோர் நகரைவிட்டு வெளியேறினர்.

20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஜாக்சன் தெருவை ஒட்டிய மேட்டுநிலம் வெட்டிச் சமப்படுத்தப்பட்டது. அதன் பின்னர் கிங் தெருவில் புதிய சைனாடவுன் உருவானது. 170 சீனர்கள் பணம் திரட்டி 1910இல் காங் யிக் கட்டடங்கள் இரண்டை எழுப்பினர். கீழே கடைகள், மேலே வாடகை அறைகள் என்ற இவ்வமைப்பை இப்பகுதியின் பல கட்டடங்களிலும் காணலாம். அலாஸ்காவின் சால்மன் மீன் பதனிடும் ஆலைகளுக்குப் பருவந்தோறும் சென்று திரும்பிய ஆசியத் தொழிலாளர்கள், குறிப்பாகப் பிலிப்பினோக்கள், இத்தகைய அறைகளில் தங்கினர். ஜாக்சன் தெருவின் இரவு விடுதிகள் கறுப்பின ஜாஸ் இசைக்கலைஞர்களால் புகழ்பெற்றன.

1942ஆம் ஆண்டு வெளியேற்றம்

இரண்டாம் உலகப்போரின்போது குடியரசுத் தலைவர் ரூஸ்வெல்ட்டின் 9066ஆம் ஆணைப்படி, சியாட்டிலின் ஜப்பானிய வம்சாவளியினர் சுமார் 7,000 பேர் வெளியேற்றப்பட்டனர். அவர்களில் பெரும்பாலோர் ஐடஹோ மாநிலத்தின் மினிடோகா முகாமில் அடைக்கப்பட்டனர். ஜப்பான்டவுனின் கடைகள் மூடப்பட்டன. எடுத்துச்செல்ல முடியாத பொருள்களைச் சில குடும்பங்கள் பனாமா ஹோட்டலின் நிலவறையில் வைத்துச் சென்றன. உரிமையாளர்கள் திரும்பி வராததால் அவற்றில் பல இன்றும் அங்கேயே உள்ளன. 1910இல் கட்டப்பட்ட இவ்விடுதி 2006இல் தேசிய வரலாற்றுச் சின்னமாக அறிவிக்கப்பட்டது.

நெடுஞ்சாலையும் விளையாட்டரங்கும்

1960களில் அமைக்கப்பட்ட 5ஆம் எண் நெடுஞ்சாலை இப்பகுதியை இரண்டாகப் பிளந்தது. 1972இல் அருகில் கிங்டோம் விளையாட்டரங்கின் கட்டுமானம் தொடங்கியபோது, போக்குவரத்து நெரிசலும் வாடகை உயர்வும் முதியவர்களைத் துரத்திவிடும் என்று அஞ்சிய இளைஞர்கள் போராடினர். 1973இல் நகர நிர்வாகம் இதைத் தனி மறுஆய்வு மாவட்டமாக அறிவித்தது. கட்டடங்களின் தோற்றத்தையும் பயன்பாட்டையும் மாற்றுவதற்கு ஒப்புதல் பெறுவது கட்டாயமாயிற்று. 1975இல் தொடங்கிய டேனி வூ சமூகத் தோட்டத்தில், சரிவில் அமைந்த பாத்திகளில் முதியவர்கள் காய்கறி பயிரிடுகின்றனர். வியட்நாம் போருக்குப் பின் வந்த அகதிகள் நெடுஞ்சாலைக்குக் கிழக்கே லிட்டில் சைகோனை உருவாக்கினர்.

இன்றைய நிலை

கிழக்குக் காங் யிக் கட்டடத்தில் 2008 முதல் விங் லூக் அருங்காட்சியகம் இயங்குகிறது. 1962இல் சியாட்டில் நகர மன்றத்துக்குத் தேர்ந்தெடுக்கப்பட்ட சீன அமெரிக்கரான விங் லூக்கின் பெயரை அது தாங்கியுள்ளது.

புதிய ரயில் நிலையத் திட்டத்தால் இடம்பெயர்வு நேரலாம் என்ற அச்சத்தின் காரணமாக, 2023இல் அமெரிக்காவின் ஆபத்திலுள்ள 11 வரலாற்று இடங்களின் பட்டியலில் இப்பகுதி சேர்க்கப்பட்டது. பழைய கட்டடங்களைக் காக்கச் சட்டம் உள்ளது. ஆனால் அவற்றில் குறைந்த வாடகைக்கு வாழ்வோரும் சிறு கடைக்காரர்களும் தொடர்ந்து இருந்தால்தான் இது வாழும் ஊராக நீடிக்கும். இதனாலேயே சமூக அமைப்புகள் மலிவு வாடகைக் குடியிருப்புகளைத் தாமே நிருவகித்து வருகின்றன.