டிராக்டர் பானெட், பைக் டேங்க் மீண்டும் பளபளக்க: சிறிய பாலிஷிங் மெஷின் வாங்கும் முன் கவனிக்க வேண்டியவை

வருடக்கணக்கில் வெயிலில் நிற்கும் டிராக்டரின் பானெட்டும் மட்கார்டும் முதலில் மங்கும், பிறகு சுண்ணாம்பு பூசியதுபோல வெளுத்துவிடும். விரலால் தேய்த்தால் மாவு மாதிரி ஒட்டும். பைக் டேங்க், கார் கதவின் கைப்பிடி, கண்ணாடிக் கூடு எல்லாவற்றுக்கும் இதே கதிதான். வண்டியை விற்கும்போது, பார்க்க வருபவர் இன்ஜின் சத்தத்தைக் கேட்பதற்கு முன்பே பெயின்டைப் பார்த்து மனதில் ஒரு விலை போட்டுவிடுகிறார்.

நல்ல விஷயம் என்னவென்றால், பெயின்ட் வெளுத்துவிட்டது என்பதால் அது போய்விட்டது என்று அர்த்தமில்லை. பெரும்பாலும் மேல்தோல் மட்டும்தான் கெட்டிருக்கும். அதை மெல்லிசாகத் தேய்த்து எடுத்தால் அடியில் நல்ல நிறம் இருக்கும். இந்த வேலையை வீட்டிலேயே செய்யலாம். ஆனால் தவறான மெஷினை எடுத்தால், மங்கலாக இருந்த இடம் தகரம் தெரியும் இடமாகிவிடும். பிறகு அந்தப் பாகம் முழுவதற்கும் பெயின்ட் அடிக்கத்தான் வேண்டும். புதுப் பெயின்டைப் பார்த்ததும் "வண்டி எங்கேயாவது அடிபட்டதா?" என்று வாங்குபவர் கேட்பார்.

பெயின்டின் கனம் ஒரு தாள் அளவுதான்

கம்பெனியில் அடித்த கார் பெயின்ட், எல்லா அடுக்கும் சேர்த்துப் பொதுவாக 100 முதல் 150 மைக்ரான் இருக்கும். ஜெராக்ஸ் எடுக்கும் தாளின் கனம் சுமார் 100 மைக்ரான். அதாவது ஒரு தாள், ஒன்றரைத் தாள் கனம்தான் உங்கள் கையில் இருக்கிறது. விளிம்பு, மடிப்பு, மேடான கோடு ஆகிய இடங்களில் இதைவிடவும் மெல்லிசு. சிறிய பாகங்களில் விளிம்பும் வளைவும்தான் அதிகம். அதனால்தான் பெரிய கதவைப் பாலிஷ் போடுவதைவிட ஒரு சின்ன மட்கார்டைப் பாலிஷ் போடுவது கடினம்.

உங்கள் வண்டியில் இருப்பது என்ன பெயின்ட் என்று முதலில் தெரிந்துகொள்ளுங்கள். வெள்ளைத் துணியில் கொஞ்சம் பாலிஷ் தொட்டு, கண்ணில் படாத ஓர் ஓரத்தில் தேயுங்கள். துணியில் வண்டியின் நிறம் ஏறினால், மேலே கிளியர் கோட் இல்லை. பழைய டிராக்டர்கள் பலவற்றில் இப்படித்தான் இருக்கும். நிறம் ஏறாவிட்டால் மேலே கண்ணாடி போன்ற கிளியர் கோட் இருக்கிறது. இன்றைய கார்களில் பெரும்பாலும் இதுதான். கிளியர் கோட் தேய்ந்து போய்விட்டால் பாலிஷ் போட்டு அதைத் திரும்பக் கொண்டுவர முடியாது.

ஆங்கிள் கிரைண்டரில் ஸ்பாஞ்சு மாட்டலாமா?

வேண்டாம். இரும்பு வெட்டவும் வெல்டிங் மேட்டைத் தேய்க்கவும் வைத்திருக்கும் 4 அங்குல ஆங்கிள் கிரைண்டர் நிமிடத்துக்குச் சுமார் 11,000 சுற்று சுற்றும். அதில் 4 அங்குல பேட் மாட்டினால், பேட்டின் விளிம்பு மணிக்கு 200 கிலோமீட்டர் வேகத்தில் பெயின்டைத் தேய்க்கிறது. பாலிஷ் மெஷினில் 3 அங்குல பேட்டை 1,500 சுற்றில் ஓட்டினால் விளிம்பின் வேகம் மணிக்கு 21 கிலோமீட்டர்தான். ஏறக்குறைய பத்து மடங்கு வித்தியாசம். கிரைண்டரில் இரண்டு நொடி ஒரே இடத்தில் நின்றாலே பெயின்ட் சூடேறிக் கருகிவிடும். பேட்டைத் தாங்கும் பிளேட்டில் அதிகபட்ச வேகம் எழுதியிருக்கும். அதை மீறி ஓட்டினால் பேட் பிய்ந்து முகத்தில் அடிக்கவும் வாய்ப்பு உண்டு.

கார் பெயின்ட் ஷாப்பில் இருக்கும் 7 அங்குல மெஷினும் சிறிய பாகத்துக்கு ஒத்துவராது. இரண்டு, மூன்று கிலோ எடை இருக்கும். பைக் டேங்க் வளைவில் அந்தப் பேட் தட்டையாக உட்காராது. ஓரம் மட்டும் படும், அந்த ஓரம்தான் பெயின்டைத் தின்னும்.

சிறிய பாகங்களுக்கு ஏற்றது 1, 2, 3 அங்குல பேட் மாட்டக்கூடிய, வேகத்தைக் கூட்டிக் குறைக்கக்கூடிய சிறிய பாலிஷிங் மெஷின்தான்.

இரண்டு வகை: எது உங்களுக்கு?

ரோட்டரி: பேட் ஒரே மையத்தில் சுற்றும். வேலை வேகமாக நடக்கும். சுண்ணாம்புபோல வெளுத்த டிராக்டர் பெயின்டுக்கு நன்றாக எடுபடும். ஆனால் ஒரே இடத்தில் நின்றால் சூடேறும், வட்ட வட்டமாகக் கோடும் விழலாம். கைப்பழக்கம் வேண்டும்.

டூயல் ஆக்ஷன்: பேட் சுற்றிக்கொண்டே பக்கவாட்டிலும் ஆடும். அதிகமாக அழுத்தினால் சுற்றுவது நின்றுவிடும். அதனால் பெயின்டைக் கருக்கும் அபாயம் குறைவு. வேலை மெதுவாகத்தான் நடக்கும், கையில் அதிர்வும் தெரியும். முதன்முறையாகச் செய்பவர்களுக்கும், கிளியர் கோட் உள்ள கார், பைக் பாகங்களுக்கும் இதுதான் நல்லது.

சில மெஷின்களில் தலையை மாற்றி இரண்டு விதமாகவும் ஓட்டலாம். டிராக்டரும் காரும் இரண்டும் வைத்திருப்பவர்கள் இப்படிப்பட்டதைக் கேட்டுப் பார்க்கலாம்.

கடையில் பார்க்க வேண்டியவை

1. குறைந்தபட்ச வேகம். அதிகபட்ச வேகத்தைத்தான் பெட்டியில் பெரிதாகப் போட்டிருப்பார்கள். நீங்கள் பார்க்க வேண்டியது குறைந்தபட்ச வேகத்தை. ரோட்டரி வகை என்றால் 1,000 சுற்றுக்குப் பக்கத்தில் தொடங்குவது நல்லது. டூயல் ஆக்ஷனில் எழுதியிருக்கும் எண் ஆட்டத்தின் கணக்கு. அதை ரோட்டரியின் சுற்றோடு ஒப்பிடாதீர்கள்.

2. மெதுவாகத் தொடங்குகிறதா? சுவிட்சை அழுத்தியதும் முழு வேகம் எடுக்கும் மெஷின், காம்பவுண்டை நாலு பக்கமும் தெளிக்கும். கடையிலேயே ஓட்டிப் பாருங்கள்.

3. பேட் அளவு. 3 அங்குலம் பானெட் பக்கவாட்டுக்கும் மட்கார்டுக்கும் டேங்க்குக்கும். 2 அங்குலம் ஹெட்லைட்டைச் சுற்றி, கண்ணாடிக் கூடு, வளைந்த இடங்களுக்கு. 1 அங்குலம் எழுத்து, கீல், கைப்பிடிக் குழிக்கு. ஒன்றுதான் வாங்க முடியும் என்றால் 3 அங்குலம் வாங்குங்கள்.

4. பேட் தனியாகக் கிடைக்குமா? பேட் தேயும், கிழியும். வெல்க்ரோவில் ஒட்டும் வகையாக இருந்தால் மாற்றுவது எளிது. பிளேட்டின் மரை என்ன அளவு என்று கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். அந்தக் கம்பெனியின் பேட் மட்டும்தான் பொருந்தும் என்றால் யோசியுங்கள்.

5. எடை. பேட்டரியை மாட்டியே தூக்கிப் பாருங்கள். ஒரு நிமிடம் கையை நீட்டிப் பிடித்துக் கை நடுங்கினால், அரை மணி நேரம் வேலை செய்ய முடியாது. கை தளர்ந்தால் பேட் சாயும்.

6. பேட்டரி. 18 வோல்ட், 20 வோல்ட் என்று இரண்டு விதமாக எழுதியிருப்பதைப் பார்த்துக் குழம்ப வேண்டாம். இரண்டிலும் உள்ளே இருப்பது பெரும்பாலும் அதே ஐந்து செல்தான். 20 என்பது முழுதாகச் சார்ஜ் ஏறியபோது காட்டும் கணக்கு. எவ்வளவு நேரம் ஓடும் என்பதை ஆம்பியர் ஹவர் எண் சொல்லும். 4 என்றிருந்தால் 2 என்றிருப்பதைவிட ஏறக்குறைய இரு மடங்கு நேரம். வீட்டில் ஏற்கெனவே பேட்டரி டிரில் இருந்தால், அதே கம்பெனியின் அதே பேட்டரியில் ஓடும் மெஷினைப் பேட்டரி இல்லாமல் வாங்கினால் செலவு குறையும்.

7. கரன்ட் மெஷின் என்றால், கார்பன் பிரஷ்ஷை வெளியிலிருந்தே மாற்ற முடிகிறதா, பக்கத்து ஊரில் சர்வீஸ் உண்டா என்று கேளுங்கள். பில் இல்லாமல் வாங்கினால் வாரன்டி கேட்க முடியாது.

பயன்படுத்தும் முறை

முதலில் நன்றாகக் கழுவுங்கள். மண், உரத்தூள், மருந்துக் கறை எதுவும் இருக்கக் கூடாது. ஒரு மணல் துகள் பேட்டில் சிக்கினால் பாகம் முழுவதும் கோடு விழும். துடைத்துக் காயவைத்து, நிழலில் வையுங்கள். வெயிலில் சூடான தகரத்தில் காம்பவுண்டு உடனே காய்ந்துவிடும்.

கீறல் இருந்தால் நகத்தால் வருடிப் பாருங்கள். நகம் மாட்டினால் அந்தக் கீறல் பாலிஷில் போகாது. அதைப் போக்க நினைத்துத் தேய்த்துக்கொண்டே இருந்தால் பெயின்ட்தான் போகும்.

விளிம்பு, ஸ்டிக்கர், எழுத்து, போல்ட் ஆகியவற்றின் மேல் மாஸ்கிங் டேப் ஒட்டுங்கள். மேட் ஃபினிஷ் பெயின்டைத் தொடவே வேண்டாம், அங்கங்கே பளபளத்து அசிங்கமாகிவிடும்.

முதலில் மென்மையான பேட், மென்மையான பாலிஷ் கொண்டு உள்ளங்கை அளவு இடத்தில் சோதித்துப் பாருங்கள். போதவில்லை என்றால் மட்டும் காரமான காம்பவுண்டுக்குப் போங்கள். பேட்டில் பட்டாணி அளவில் மூன்று, நான்கு சொட்டு போதும். மெஷினை ஓட்டாமல் முதலில் பரப்பிவிட்டு, குறைந்த வேகத்தில் தொடங்கி, ரோட்டரியில் 1,200 முதல் 1,500 சுற்றுவரை போகலாம். பேட் தட்டையாக இருக்கட்டும், மெஷினின் எடையே பெரும்பாலும் போதும். குறுக்கும் நெடுக்குமாக நான்கைந்து முறை ஓட்டிவிட்டு நிறுத்தித் தொட்டுப் பாருங்கள். வெதுவெதுப்பு சரி. கை வைக்க முடியாத சூடு என்றால் ஆறவிடுங்கள். பிளாஸ்டிக், ஃபைபர் பாகங்களில் சூடு பரவாமல் ஒரே இடத்தில் தங்கும். அங்கே இன்னும் மெதுவாகப் போங்கள்.

டேப் ஒட்டிய ஓரங்களைக் கடைசியில் கையாலேயே துணி கொண்டு தேயுங்கள். முடிந்ததும் மெழுகுப் பாலிஷ் ஒரு கோட் கொடுங்கள். அது இல்லாவிட்டால் புதிதாக வெளிவந்த பெயின்டும் சீக்கிரமே வெளுக்கத் தொடங்கும்.

பாதுகாப்பு

கழுத்தில் துண்டு, தொங்கும் சேலைத் தலைப்பு, தளர்ந்த வேட்டி எதுவும் கூடாது. சுற்றும் பேட் இழுத்துக்கொள்ளும். கண்ணாடியும் மாஸ்க்கும் அணியுங்கள். பழைய பெயின்டில் ஈயம் இருக்கலாம், அந்தத் தூளைச் சுவாசிக்கக் கூடாது, குழந்தைகள் பக்கத்தில் நிற்கவும் கூடாது. கரன்ட் மெஷினைக் கழுவிய ஈரத்தரையில் ஓட்டாதீர்கள். ஒட்டுப்போட்ட ஒயரைப் பயன்படுத்த வேண்டாம். பேட்டரியை வெயிலில் நிற்கும் வண்டிக்குள் விட்டுவிட்டுப் போகாதீர்கள்.

வாங்கத்தான் வேண்டுமா?

வீட்டில் ஒரே ஒரு பைக்தான் என்றால், காம்பவுண்டும் மைக்ரோஃபைபர் துணியும் கைவசம் அரை நாளும் போதும். மெஷின் தேவையில்லை. வேகத்தைக் கட்டுப்படுத்தும் டிரில் இருந்தால், அதில் மாட்டும் 3 அங்குல வெல்க்ரோ பிளேட்டும் பேட்டும் வாங்கி, குறைந்த வேகத்தில், பக்கவாட்டில் அழுத்தாமல் எப்போதாவது ஒரு முறை பயன்படுத்திக்கொள்ளலாம்.

டிராக்டர், டிரெய்லர், கார், இரண்டு பைக் என்று இருக்கும் வீட்டுக்கு மெஷின் பயன்படும். நான்கைந்து விவசாயிகள் சேர்ந்து ஒன்று வாங்கி, பேட்டை மட்டும் அவரவர் தனியாக வைத்துக்கொண்டால் இன்னும் நல்லது. அடுத்தவர் வண்டியின் மண் உங்கள் பானெட்டில் கோடு போடாது.

ஒன்றை மட்டும் நினைவில் வையுங்கள். மங்கிய பெயின்டை இன்னொரு நாள் தேய்த்துக்கொள்ளலாம். தேய்ந்துபோன பெயின்டைத் திரும்ப ஒட்ட முடியாது. கடையில் "இதுதான் பவர் அதிகம்" என்று எடுத்துக் காட்டினால், "இதைவிட மெதுவாக ஓடுவது இருக்கிறதா?" என்று கேளுங்கள்.