சுரப்பும் கறப்பும்

மாணவர்களே, பசு பால் சுரக்கிறது. மனிதன் பால் கறக்கிறான். இவ்விரு சொற்களின் வேற்றுமையை நான் பன்னிரண்டாம் வயதில் எங்கள் வீட்டுத் தொழுவத்தில் உணர்ந்தேன்.

அன்று என் அன்னையார் காய்ச்சலாய்ப் படுத்திருந்தார். ஒன்றரை வயதுத் தங்கை பாலுக்கு அழுதாள். ‘கறப்பது ஒரு வித்தையா!’ என்று செம்பை எடுத்துக்கொண்டு சென்றேன். கன்றை அவிழ்க்கவில்லை, மடியைக் கழுவவுமில்லை. காம்பைப் பற்றி இழுத்தேன். நாலைந்து பீச்சல் விழுந்து நின்றுபோயிற்று. வலித்து இழுத்தேன், பசு உதைத்தது, செம்பு உருண்டது. சினங்கொண்டு கம்பால் இரண்டடி அடித்தேன். அதன்பின் ஒரு துளியும் இறங்கவில்லை.

மடி நிறையப் பால் இருந்தும் ஏன் வரவில்லை? ஆசிரியப் பயிற்சிக் காலத்தில் உயிரியல் நூல்களைப் படித்தபோதே காரணம் விளங்கிற்று. பாலின் பெரும்பகுதி மடியினுள்ளே நுண்ணிய பைகளில் தங்கியிருக்கிறது. கன்று முட்டி ஊட்டும்போதோ, வெதுவெதுப்பான நீரால் மடியைக் கழுவித் தடவும்போதோ, அவ்வுணர்ச்சி நரம்புகளின் வழியே மூளையை எட்டுகிறது. மூளையடியிலுள்ள பிட்யூட்டரிச் சுரப்பியிலிருந்து ஆக்ஸிடோசின் என்னும் பொருள் இரத்தத்திற் கலந்து மடிக்கு வருகிறது. உடனே அப்பைகளைச் சூழ்ந்த தசையணுக்கள் சுருங்கிப் பாலைக் கீழே தள்ளுகின்றன. இதற்கு ஏறத்தாழ 1 நிமிடம் ஆகும். இதன் வேகம் சில நிமிடங்களே நிற்குமாதலின், 7 நிமிடங்களுக்குள் கறந்து முடித்தல் நன்று. அச்சமோ வலியோ நேர்ந்தால் அட்ரினலின் ஊறி இவ்வேலையைத் தடுத்துவிடும். பசு பாலை அடக்கிக்கொண்டது என்று நாம் அதன்மேற் பழி போடுகிறோம். பாவம், அது வேண்டுமென்று செய்வதன்று!

இவற்றுள் ஒன்றையும் படித்தறியாத என் பாட்டியார், “அவளைக் கொஞ்ச நேரம் சும்மா விடடா” என்றார். தவிட்டுத் தண்ணீர் காட்டினார், கழுத்தைத் தடவினார், பிறகு கன்றை ஊட்டவிட்டார். மடி சுரந்ததும் என்னை அருகில் அமர்த்தினார். காம்பு மடியோடு சேருமிடத்தைக் கட்டைவிரலாலும் சுட்டுவிரலாலும் நெருக்கிப் பால் மேலேறாமல் அடைக்கவேண்டும். பின்பு மற்ற விரல்களை மேலிருந்து கீழாக ஒவ்வொன்றாய் மூடவேண்டும். இழுத்தல் கூடாது. நான் கட்டைவிரலை மடக்கி அதன் முட்டியால் நெருக்கியதே உதைக்குக் காரணம். அவ்வாறு கறந்தால் காம்பின் உட்புறம் புண்படும்.

முதற் பீச்சல்களைப் பாட்டியார் செம்பில் விடவில்லை. காம்புத் துளையருகே கிருமிகள் மிகுதி. ஒரு காம்பைக் கன்றுக்கென்றே விட்டுவைத்தார். மடியின் நான்கு பகுதிகளும் தனித்தனியானவை. ஒன்றின் பால் மற்றொன்றுக்குப் போகாது.

அரைச் செம்பு பால் கிடைத்தது. தங்கை குடித்துவிட்டு உறங்கினாள். பசுவோ, நான் அருகிற் சென்றபோதெல்லாம் ஒரு திங்கள்வரை பின்னங்காலைத் தூக்கிக்கொண்டே நின்றது.