டிராக்டருக்கு பிளக் வாங்கப் போறீங்களா? முதல்ல டீசலா, பெட்ரோலான்னு பாருங்க!

அயனம்பாக்கம்:

பழைய டிராக்டர் காலையில் ஸ்டார்ட் ஆகவில்லை என்றால், "பிளக்கை மாத்திப் பாருப்பா" என்று யாராவது ஒருத்தர் யோசனை சொல்லி விடுவார். பைக் ஓட்டிய பழக்கத்தில் வரும் பேச்சு இது. அயனம்பாக்கம், பூந்தமல்லி, ஆவடி பக்கம் தண்ணீரும் மண்ணும் இழுக்கிற டிராக்டர்கள் அநேகமாக எல்லாமே டீசல் வண்டி. அதில் ஸ்பார்க் பிளக்கே கிடையாது!

டீசல் என்ஜினில் காற்றை அழுத்தும் அழுத்தத்திலேயே சூடு ஏறி, பீய்ச்சுகிற டீசல் தானாகப் பற்றிக்கொள்ளும். 1960-ல் தொடங்கப்பட்ட டாபே நிறுவனத்தின் மாசி பெர்குசன் வண்டிகளும் டீசல்தான். சில பழைய என்ஜின்களில் ஹீட்டர் பிளக் இருக்கும். அது குளிரில் காற்றைச் சூடாக்க மட்டும்தான். நம்ம ஊர் வெயிலுக்கு அதற்கு அதிகம் வேலை இல்லை. எனவே பேட்டரி, டீசல் பில்டர், பைப்பில் ஏர் பிடித்திருக்கிறதா என்று பார்த்தாலே பாதி சிக்கல் தீரும்.

நிஜமாகவே ஸ்பார்க் பிளக் உள்ளவை, இங்கிலாந்தில் 1946 முதல் 1956 வரை வந்த பெர்குசன் டி.இ.20 மாதிரி பழைய பெட்ரோல், மண்ணெண்ணெய் டிராக்டர்கள். இப்போதைய பெட்ரோல் மருந்து ஸ்பிரேயர், புல் வெட்டும் மெஷினுக்கும் இதே கணக்குதான்.

பழைய பிளக்கைக் கையில் கொண்டு போங்கள். மரை அளவு, மரையின் நீளம் இரண்டும் அதே இருக்க வேண்டும். நீளம் கூடினால் பிஸ்டன் வந்து இடிக்கும். பிளக் போனால் சில நூறு ரூபாய், பிஸ்டன் போனால் ஆயிரக்கணக்கில் செலவு.

பலர் ஏமாறுவது நம்பரில்தான். என்.ஜி.கே. பிளக்கில் நம்பர் ஏற ஏற 'கோல்டு' பிளக். பாஷில் நேர் எதிர். நம்பர் ஏறினால் 'ஹாட்'. கம்பெனி மாறும்போது நம்பரை மட்டும் பார்த்து வாங்கினால் அவ்வளவுதான். கடையில் மாற்றுப் பட்டியலைக் கேளுங்கள்.

ஓடிய பிளக்கின் முனை இளம் பழுப்பாக இருந்தால் சரி. கரி படிந்து கருப்பாக இருந்தால் பெட்ரோல் அதிகம் போகிறது, அல்லது பிளக் ரொம்ப கோல்டு. மண்ணெண்ணெய் வண்டியில் கரி சீக்கிரம் பிடிக்கும். வெள்ளை வெளேர் என்றால் ஓவர் சூடு. உடனே கவனியுங்கள், விட்டால் பிஸ்டனில் ஓட்டை விழும்.

என்ஜின் ஆறிய பிறகு, முதலில் கையால் திருகி, வாஷர் போட்ட புது பிளக் என்றால் ஸ்பேனரில் இன்னும் அரைச் சுற்று போதும்.