மலைப்பாதையும் எண்ணெய் வடிகட்டியும்

தமிழ் ஆனர்ஸ் வகுப்பினராகிய யாம் மோட்டார் வண்டியின் எண்ணெய் வடிகட்டியைப் பற்றி எழுதப் புகுந்தமை கண்டு நண்பர் சிலர் நகைத்தனர். நகைத்தவருள் இருவர், சென்ற தை மாதத்தில் எம்முடன் கோடைக்கானல் போந்து, விடியற்காலையில் ஒரு பழைய ஜீப்பின் பக்கத்தில் குளிரால் நடுங்கி நின்றவரே யாவர். ஆதலின் முதற்கண் அவர்கட்காகவே இதனை எழுதுகின்றோம்.

அமெரிக்க மிஷனரிமார் 1845 இல் கோடைக்கானலில் முதல் வீடுகளை எழுப்பிய காலத்து, மலையேறுவோர் நடந்தும், குதிரையேறியும், டோலியில் சுமக்கப்பட்டுமே சென்றனர். லா என்னும் ஆங்கில அதிகாரியின் பெயரால் வழங்கும் மலைப்பாதை 1916 ஆம் ஆண்டளவில் மோட்டார் வண்டிகட்குப் பயன்படலாயிற்று. அக்காலத்து வண்டிகளில் எண்ணெயைத் தூய்மை செய்யக் கம்பிவலைக்கு மேற்பட்டது யாதும் இல்லை. ஸ்வீட்லாண்டு, கிரீன்ஹால் என்னும் அமெரிக்கர் இருவர் 1923 இல் எண்ணெய் வடிகட்டிக்கு உரிமை பெற்றனர். அதுவும் ஓடும் எண்ணெயில் ஒரு சிறு பகுதியை மட்டுமே வடித்தது. எண்ணெய் முழுவதும் வடிகட்டியின் வழியே சென்று பின்னரே பேரிங்குகளை அடையும் முறை, இரண்டாம் உலகப் போரை யொட்டிய ஆண்டுகளிற்றான் பரவலாயிற்று.

வத்தலக்குண்டு கடல்மட்டத்திற்கு மேல் ஏறத்தாழ 1,000 அடி. கோடைக்கானல் 7,000 அடி. மேலே செல்லச் செல்லக் காற்று மெலிதலால், டர்போ இல்லாத எஞ்சின் உச்சியில் தன் வலிமையில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கை இழக்கின்றது. ஓட்டுநர் இரண்டாம் கியரிலேயே நெடுநேரம் எஞ்சினை முழங்கச் செய்து ஏற்றுகின்றார். எண்ணெய் கொதிப்பேறி நீர்போல் இளகுகின்றது. எம் ஜீப் வெள்ளியருவியின் முன் நின்றபொழுது, எஞ்சின் மெல்ல ஓடிக்கொண்டிருக்கையில், எண்ணெய் அமுக்கத்தைக் காட்டும் சிவப்பு விளக்கு மினுக்கி மினுக்கி எரிந்தது.

ஓட்டுநர் அண்ணன் அதனைப் பார்த்து, "தம்பி, பில்டரை மூணு தடவை மாத்திட்டேன்; விளக்கு மட்டும் மாறவேயில்லை" என்றார். வண்டி அவர் கடன் வாங்கி வாங்கியது. அவ்விளக்கின் பொருள் அவருக்கு நன்கு தெரியும். எண்ணெய் எட்டாது பேரிங் கவ்விக்கொண்டால் எஞ்சின் போயிற்று. அதுவும் இறக்கத்தில் நேருமாயின், பிரேக்குக்குத் துணைசெய்யும் வெற்றிடமும் உடன் போய்விடும். ஒருபுறம் பாறை, ஒருபுறம் பள்ளம்.

இனி அமுக்கம் எவ்வாறு பிறக்கின்றது எனக் காண்போம். எண்ணெய்ப் பம்பு சுற்றுக்கு இவ்வளவென்று அளந்து தள்ளுவது. அது தள்ளுவது எண்ணெயை, அமுக்கத்தை யன்று. அவ்வெண்ணெய் பேரிங்குகளின் நுண்ணிய இடைவெளி வழியே நெருங்கிச் செல்லும்பொழுது எழும் தடையே அமுக்கமாகின்றது. இடைவெளி தேய்ந்து அகன்றாலும், எண்ணெய் இளகினாலும் தடை குறையும், அமுக்கமும் குறையும். வடிகட்டி அளிக்கும் தடையோ சூடான எண்ணெய்க்குச் சில பவுண்டே. பம்பு அளந்து தள்ளுவதாதலின், அச்சிறு தடையைத் தானே சற்று மிகுதியாக உழைத்துக் கடந்துவிடும். வடிகட்டிக்கு அப்பாலுள்ள அளவுகருவி வேறுபாடு காட்டாது. பம்பின் வாயிலில் உள்ள விடுவிப்பு வால்வு திறந்திருக்கும் நிலையில் மட்டுமே, வடிகட்டியில் இழந்தது கருவியில் குறையும். வால்வு 60 பவுண்டில் திறக்க, வடிகட்டி 5 பவுண்டை உண்டால், கருவி 55 காட்டும். அது வேகமாக ஓடும் எஞ்சினில், எண்ணெய் தடித்திருக்கும் பொழுதின் செய்தி. சூடான எஞ்சின் மெல்ல ஓடுகையில் மினுக்கும் விளக்கிற்கு வடிகட்டியைக் குறைகூறுதல், காய்ச்சலுக்கு வெப்பமானியை மாற்றுதல் போலும்!

மறுநாள் விடியலில் கண்டது வேறொரு நோய். குளிர்ந்த மயிலுக்குத் தன் போர்வையை ஈந்த பேகன் ஆண்ட மலை இது. ஜீப்புக்கு ஈவார் யாரும் இலர். எஞ்சினைக் கிளப்பியபின் ஆறேழு விநாடி விளக்கு அணையவேயில்லை; உள்ளே கடகடவென்று தட்டும் ஓசை. இக்குற்றம் மெய்யாகவே வடிகட்டியுடையது. பக்கவாட்டிலோ வாய் கீழாகவோ பொருத்தப்படும் வடிகட்டியினுள், நின்ற எண்ணெய் இரவில் வடிந்து போகாதபடி காக்கும் ரப்பர் மடல் ஒன்று இருத்தல் வேண்டும். அஃதின்றேல் காலைதோறும் காலிக் கூடு நிரம்பும்வரை பேரிங்குகள் எண்ணெயின்றிச் சுழலும்.

குளிரில் மற்றொன்றும் நிகழும். தடித்த எண்ணெய் வடிதாளில் விரைந்து புக மாட்டாது. அப்பொழுது தாள் கிழியாமலும் பேரிங்குகள் பட்டினி கிடவாமலும் இருக்க, மாற்றுவழி வால்வு திறந்து வடியாத எண்ணெயையே விடும். வண்டிக்கு ஏற்ப 8 முதல் 15 பவுண்டு வேறுபாட்டில் அது திறக்கும். மிக எளிதில் திறப்பதாயின் அழுக்கு எந்நாளும் உட்செல்லும். ஆகவே திருகுமரை பொருந்திவிட்டது என்பதற்காக எந்த வடிகட்டியையும் பூட்டிவிடலாகாது. இவ்வால்வின் அளவும், ரப்பர் வளையத்தின் விட்டமும், மடலும் வண்டி செய்தோர் விதித்தபடி இருக்கின்றனவா எனப் பார்த்தே வாங்குதல் வேண்டும். வெளி நிறமும் விலைச்சீட்டும் ஒன்றும் சொல்லா. இடம் கொள்ளுமாயின் சற்றுப் பெரிய கூடு நன்று. அழுக்கை மிகுதியாக ஏற்கும்.

இறங்கி வந்து வத்தலக்குண்டில் ஒரு மேஸ்திரியிடம் காட்டினோம். அவர் வடிகட்டியைக் கழற்றி வெட்டிப் பிளந்தார். மடல் இல்லை, தாளின் மடிப்புகளோ எண்ணுதற்கெளிய சில. பின்னர் விளக்கின் கம்பியிருந்த இடத்தில் அளவுகருவியைப் பூட்டினார். எஞ்சின் சூடாக மெல்ல ஓடுகையில் ஊசி 5 பவுண்டருகே ஆடியது. ஆயிரம் சுற்றுக்குப் பத்து பவுண்டு என்பது அவர்கள் தொழிலில் வழங்கும் தோராயக் கணக்கு. மடலற்ற வடிகட்டியோடு எத்தனை காலைகள் கழிந்தனவோ, பேரிங் தேய்ந்துவிட்டது.

"புது பில்டர் காலைச் சத்தத்தை நிறுத்தும். அந்த மினுக்கலை நிறுத்தாது" என்றார் மேஸ்திரி.

அண்ணன் நெடுநேரம் பேசவில்லை. சித்திரைக் கூட்டத்திற்கு முன் வண்டியை நிறுத்துவதா, கூட்டத்தின் வருவாயைக் கொண்டு பின்னர்ச் சீர்செய்வதா என்பதே அவர் முன்னிருந்த வினா. யாம் மதுரைக்குப் பஸ் ஏறினோம். மாசி மாதத்தில் அவரிடமிருந்து செய்தி வந்தது. வண்டி பதினோரு நாள் பட்டறையில் நின்றதாம், பேரிங்குகள் மாற்றப்பட்டனவாம். புதிய வடிகட்டியின் மேல் தேதியையும் கிலோமீட்டரையும் வெள்ளை மையால் எழுதிவைத்திருக்கின்றாராம்.