ஒற்றை இழையை இழுத்துப் பார்த்தேன்



"ஆய்வுக்கூடத்தில் அப்படி என்னதான் செய்கிறாய்?" என்று இறுதியாண்டில் அம்மா கேட்டார். "கயிறு இழுக்கிறேன், அம்மா" என்றேன். அவர் சிரித்தார். ஆனால் நான் சொன்னது உண்மை. அந்தக் கயிறு ஒரே ஒரு டி.என்.ஏ. மூலக்கூறு!

தைப்பூசக் கூட்டத்தைத் தொலைவிலிருந்து பார்த்தால் ஊர்வலம் நகர்வது தெரியும். ஒரு காவடி நின்று இளைப்பாறுவது தெரியாது. சோதனைக்குழாயில் கோடிக்கணக்கான மூலக்கூறுகளைக் கலந்து ஆராய்வதும் அப்படித்தான். சராசரி மட்டுமே கிடைக்கும். தனி மூலக்கூறைப் பார்க்க வழி வகுத்தவர்களுள் ஒருவர் அமெரிக்க அறிஞர் ஆர்தர் ஆஷ்கின். லேசர் ஒளியை ஒரு புள்ளியில் குவித்தால், நுண்ணிய மணி அங்கேயே சிறைப்படும் என்று 1986இல் காட்டினார். இந்த 'ஒளி இடுக்கி'க்காக 2018இல், தமது 96ஆம் வயதில், நோபல் பரிசு பெற்றார்.

டி.என்.ஏ.வின் ஒரு முனையை அந்த மணியில் ஒட்டி, மறுமுனையைப் பிடித்து இழுக்கிறோம். மணி எவ்வளவு விலகுகிறது என்பதிலிருந்து விசையைக் கணக்கிடலாம். அளவு பிகோநியூட்டன். நூறு கிராம் எடையின் விசை ஏறக்குறைய 1 நியூட்டன். அதில் ஒரு லட்சம் கோடியில் ஒரு பங்குதான் இது.

டி.என்.ஏ.வைப் படித்துச் செல்லும் ஆர்.என்.ஏ. பாலிமரேஸ் என்னும் புரதத்தை இவ்வாறு எதிர்த்திசையில் இழுத்தார்கள். அது ஏறக்குறைய 25 பிகோநியூட்டன் வரை தாக்குப்பிடித்தது. உயிரணுவுக்குள் சுமை தூக்கிச் செல்லும் கைனசினோ சுமார் 6இலேயே நின்றுவிடும். 'படிக்கும்' புரதம் 'சுமக்கும்' புரதத்தைவிட வலிமையானது! அது இடையிடையே நின்று நின்று செல்வதும் இம்முறையில்தான் தெளிவாகத் தெரிந்தது.

என் அனுபவத்துக்கு வருகிறேன். டி.என்.ஏ. இழை சுமார் 65 பிகோநியூட்டனில் திடீரென 1.7 மடங்கு நீளும். கருவி சரியா என்று பார்க்க இதுவே உரைகல். என் இழையோ 65ஐத் தாண்டியும் அசையவில்லை. மூன்று வாரம் கருவியைக் குறை சொன்னேன். பிறகுதான் புரிந்தது: ஒவ்வொரு மணியிலும் இரண்டு மூன்று இழைகள் ஒட்டியிருந்தன. சுமையைப் பங்கிட்டுக்கொண்டால் எளிதில் நீளுமா? மூன்று வார அளவீடுகளும் குப்பைக்குப் போயின. டி.என்.ஏ. கரைசலை நீர்க்கச் செய்தேன். ஓர் இரவு, 65இல் கோடு படுத்தது. அப்போது ஆய்வுக்கூடத்தில் நான் மட்டுமே இருந்தேன், கத்திவிட்டேன்!

இது வெறும் விளையாட்டன்று. காசநோய்க்குத் தரப்படும் ரிஃபாம்பிசின் மருந்து, கிருமியின் ஆர்.என்.ஏ. பாலிமரேஸைத்தான் முடக்குகிறது. அந்தப் புரதம் எப்படி இயங்குகிறது என்று அறிந்தால்தான், எங்கே தடுப்பது என்றும் அறியலாம்.

அறிவியல் பயிலும் தம்பி தங்கையரே, உங்கள் ஆய்வையும் வீட்டில் தமிழில் சொல்லிப் பாருங்கள். எனக்கே எது புரியவில்லை என்பது, அம்மாவிடம் விளக்கியபோதுதான் எனக்குத் தெரிந்தது.